30 பவுண்டுக் குரல்

பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ வெளியாகி 50 ஆண்டு நிறைந்ததற்காக 2023இல் வந்த சிறப்புப் பெட்டியில் நான் முதலில் தேடியது கிளேர் டோரியின் பெயரை.

‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யைப் பாட 1973 ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அவர் போனபோது வயது 25. ரிச்சர்ட் ரைட்டின் பியானோ தயாராக இருந்தது. பாட வரியில்லை, மெட்டுமில்லை. சாவைப் பற்றியது என்றார்கள். அலறல், மன்றாட்டு, பிறகு மெல்ல அடங்குதல் எல்லாம் நின்ற நிலையில் அவர் உண்டாக்கியவை. ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி: 30 பவுண்டு. உறையில் ‘பாடகி’. ஆக்கியவர் ரைட் மட்டும்.

ஒப்புக்கொண்டுதானே கூலி வாங்கினார் என்பார்கள். ஆண் விரல் அசைந்தால் ஆக்கம், பெண் தொண்டை திறந்தால் வெறும் உணர்ச்சி என்ற பழைய கணக்குதான் அது. அவர் 2004இல் வழக்குத் தொடுத்தார். 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு. அதற்குப் பிறகே குரலாக்கம் அவர் பெயரில் வருகிறது. ஐம்பதாண்டுப் பெட்டியில் அந்த உரிமைக்கு வயது 18.

பாடி முடித்து வெளியே வந்ததும் அவர் கூச்சத்துடன் மன்னிப்புக் கேட்டதாக ரைட் பின்னர் நினைவுகூர்ந்தார். அந்த மன்னிப்பை நினைத்துக்கொண்டுதான் இப்போது கேட்கிறேன்.