'விசாரணை': அடி எதுக்கு?

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் குற்றத்துக்குச் சாட்சியாகாது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25வது பிரிவு சொன்னது அது. 2023இல் வந்த புதுச் சட்டத்திலும் தொடர்கிறது. அப்புறம் எதுக்கு அடிக்கிறாங்க?

வெற்றிமாறனின் 'விசாரணை' (2016) முதல் பாதியில் இதற்குச் சரியான பதில் இருக்கிறது. குண்டூரில் பிடிபட்ட தமிழ்த் தொழிலாளர்களை அடிப்பது, ஜட்ஜ் கேட்கும்போது 'ஆமா, நாங்கதான்' என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கத்தான். ஸ்டேஷனில் செல்லாத வார்த்தைக்கு அங்கே மதிப்பு வந்துவிடுகிறது.

அந்தக் கோர்ட் காட்சிதான் படத்தின் உச்சம் என்பேன். அவர்கள் பேசுவது ஜட்ஜுக்குப் புரியவில்லை. மொழிபெயர்ப்பவர், வேறு வேலையாக அங்கே வந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22வது பிரிவில் எல்லாம் இருக்கு. அவர்களைக் காப்பாற்றியது அதில் எதுவும் இல்லை, இன்னொரு போலீஸ்காரர். அதற்குக் கைம்மாறாக உடனே அவருக்கே ஆள் கடத்த உதவ வேண்டியிருக்கிறது!

சென்னைக்கு வந்ததும் படம் த்ரில்லராகிறது. மூலமான மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'பில் இந்தப் பகுதி கிடையாது. ஆடிட்டர் கே.கே. மாதிரி செல்வாக்குள்ள ஆளும் காவலில் சாகிறார் என்பது வலுவான இடம்தான். ஆனால் பழி பேரம் பேசும் அதிகாரிகள் மேல் போய்விடுகிறது. குண்டூரில் அப்படி எந்தப் பெரிய சதியும் இல்லை. கேஸை முடிக்கணும், அவ்வளவுதான்.