‘கலா’: ஓர் இசைத்தட்டும் அதனைக் கேட்ட செவிகளும்

ஒரு கலைப்படைப்பு எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதோடு அது எவ்வாறு ஏற்கப்பட்டது என்பதையும் ஆராய்வது திறனாய்வின் கடமைகளுள் ஒன்றாகும். ஏற்பு எப்பொழுதும் படைப்பைப் பற்றியதாகவே அமைந்துவிடுவதில்லை. பல வேளைகளில் அது படைப்பாளியைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிடுகின்றது. எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசத்தின் ‘கலா’ (2007) என்ற இசைத்தட்டு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1975இல் இலண்டனிற் பிறந்து, இளமைப் பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, 1980களின் நடுப்பகுதியில் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தவர் இவர். முதலாவது இசைத்தட்டான ‘அருளர்’ (2005) தந்தையின் இயக்கப் பெயரையும், இரண்டாவது இசைத்தட்டு தாயின் பெயரையும் தாங்கின. இலண்டனின் சுயாதீன வெளியீட்டு நிறுவனமாகிய எக்ஸெல் ரெக்கோர்டிங்ஸ் இவற்றை வெளியிட்டது. இரண்டாவது இசைத்தட்டை அமெரிக்காவில் ஒலிப்பதிவு செய்யும் திட்டம், நுழைவு அனுமதிச் சிக்கலால் 2006இல் தடைப்பட்டது. ஆகவே தமிழ்நாடு, திரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா எனப் பல நிலங்களில் அது உருவாகியது. அடைக்கப்பட்ட ஒரு வாயிலே இப்படைப்பின் உருவத்தைத் தீர்மானித்தது எனின் அது மிகையாகாது.

‘கலா’வின் தனித்தன்மை அதன் தாளக்கட்டில் உள்ளது. ‘பேர்ட் ஃபுளு’ என்ற பாடலில் உறுமி மேளம் பின்னணியாக ஒதுங்கி நிற்பதில்லை; அதுவே பாடலை நடத்திச் செல்கின்றது. குரல் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முயல்கின்றது. மேற்கத்தைய பொப் இசையில் கீழைத்தேய வாத்தியம் பெரும்பாலும் அலங்காரமாகவே இடம்பெற்று வந்துள்ளது. வீணையோ தபேலாவோ சில கணங்கள் ஒலித்து மறையும். இங்கு அந்த உறவு தலைகீழாகின்றது.

அடுத்து நோக்கற்பாலது, பிற பாடல்களின் ஒலித்துணுக்குகளை எடுத்தாளும் முறை. ‘பம்பூ பங்கா’ என்ற முதற் பாடலில், ‘தளபதி’ (1991) திரைப்படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் ஒலிகள் வருகின்றன. ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாடலோ, த கிளாஷ் என்னும் ஆங்கில றொக் குழுவினர் 1982இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெயிற் ரு ஹெல்’ பாடலின் இசைமீது எழுப்பப்பட்டது. குடியேறிகளும், போர்க்களத்தில் அந்நியப் படையினர் விட்டுச்சென்ற குழந்தைகளும் அப்பழைய பாடலின் பொருளாவர். இலண்டன் விமர்சகருக்கு கிளாஷ் குழுவின் நினைவு எழும். ‘தளபதி’ வெறும் புதுமை ஒலியாகவே படும். தமிழ்ச் செவிக்கோ ‘தளபதி’ உடனே பிடிபடும், கிளாஷ் அந்நியமாகும். இரு நினைவுகளையும் ஒருங்கே வேண்டி நிற்கும் படைப்பை ஒவ்வொரு சாராரும் பாதியாகவே கேட்டனர்.

வெளிநாட்டு ஏற்பு மிகப் பெரிதாக இருந்தது. ‘ரோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகை 2007ஆம் ஆண்டின் தலைசிறந்த இசைத்தட்டாக இதனைத் தெரிவு செய்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஒரு திரைப்பட முன்னோட்டத்தில் இடம்பெற்ற பின்னர், 2008இல் அமெரிக்கத் தனிப்பாடல் வரிசையின் 4ஆம் இடத்தை எட்டியது. எனினும் இவ்வெற்றியில் ஒரு முரண் உண்டு. துப்பாக்கி வெடியொலியையும் காசுப்பெட்டியின் ஒலியையும் அடுக்கி அமைந்த அதன் பல்லவி, குடியேறிகளைக் கொள்ளையராகக் கருதும் மனப்பான்மையை எள்ளுவது. சிலர் அதனை வன்முறையின் புகழ்ச்சியென்றனர். தொலைக்காட்சியில் வெடியொலி மாற்றப்பட்டது. மறுபுறம், நகைச்சுவைப் படமொன்றின் விளம்பரத்தில் அது வெறும் குதூகலமாயிற்று. உருவம் பரவிய அளவுக்கு உள்ளடக்கம் பரவவில்லை.

பின்னர் பேச்சு பாடல்களை விட்டு முற்றாக விலகிற்று. 2009இல் வன்னியில் இறுதிப் போர் நிகழ்ந்தபோது அவர் பகிரங்கமாகக் குரல் எழுப்பினார். ஒரு சாரார் அவரைத் தமிழரின் குரலென்றனர். மறுசாரார் பயங்கரவாதத்தின் ஆதரவாளரென்றனர். அவருடைய அரசியலுக்கும் வசதியான வாழ்க்கைக்கும் இடையிலான இடைவெளியை நியூயோர்க் ரைம்ஸ் 2010இல் நீண்ட கட்டுரையாக்கிற்று. இம்மூன்று நிலைப்பாடுகளிலும் இசைத்தட்டுக்கு இடமில்லை.

‘தமிழரின் குரல்’ என்ற மதிப்பீடு கிழக்குக் கரையிலிருந்து நோக்கும்போது மேலும் சிக்கலாகின்றது. மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, கல்முனை ஆகிய ஊர்களின் முஸ்லிம்களுக்குத் தமிழே தாய்மொழி. நெல்வயலிற் பாடப்படும் கவியும் பொல்லடியும் றபானும் அவர்தம் மரபு. ஆயினும் 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டமையும், அவ்வாண்டு ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையும் அவர்களது நினைவின் பகுதிகளாகும். உலக மேடையில் ஒரு குரல் ஒலிக்கும்போது, அதே மொழி பேசும் இன்னொரு சமூகத்தின் துயரம் அதனுள் அடங்கிவிட்டதாகக் கொள்ளலாகாது. இது பாடகரின் குற்றமன்று. ‘கலா’ தன்னை ஓர் இனத்தின் குரலாக அறிவித்துக்கொள்ளவில்லை. எல்லைகளில் நிறுத்தப்படுவோரின் ஒலிகளையே அது தொகுக்கின்றது. அப்பட்டத்தைச் சூட்டியவர்கள் விமர்சகர்களே.

இசைத்தட்டின் குறைகளும் இவ்விடத்திற் சுட்டத்தக்கன. ‘ஜிம்மி’யில், ‘டிஸ்கோ டான்சர்’ (1982) என்ற இந்திப் படப் பாடலின் மெட்டு, துயர நிலங்களைச் சுற்றுலாத் தலங்களாக்கும் மனப்போக்கை எள்ளும் சொற்களோடு இணைகின்றது. ஆனால் மெட்டின் இனிமை எள்ளலை மழுக்கிவிடுகின்றது. தமிழ் இப்படைப்பில் தாளமாக வருகின்றதேயன்றி மொழியாக வரவில்லை. மேலும், பொல்லடிக் குழுவுக்கு ஓர் அண்ணாவியார் உண்டு. அடிப்பவர் ஒவ்வொருவரும் இன்னார் மகன் என ஊர் அறியும். உறுமி அடித்தவர்களை உலகம் அவ்வாறு அறியவில்லை. பல கைகளின் உழைப்பு ஒரு பெயரின்கீழ் வருவது இன்றைய இசைச் சந்தையின் நியதி. அந்நியதியை ‘கலா’வும் மீறவில்லை.

இக்குறைகளோடும் ‘கலா’ ஒரு முக்கிய படைப்பே. எளிய மக்களின் மேளத்தை அலங்கார நிலையிலிருந்து மீட்டு, பாடலின் அடித்தளமாக்கியமை அதன் சாதனை. கல்முனை மண்ணின் திறனாய்வாளரான எம். ஏ. நுஃமான் ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ (1987) என்ற நூலில் விவாதித்த கலைக்கும் கருத்துநிலைக்குமான உறவு, இசைக்கும் பொருந்தும். படைப்பாளியின் அரசியலை ஏற்பதோ மறுப்பதோ திறனாய்வின் முடிவாகாது. அவ்வரசியல் தாளத்தில், மெட்டில், எடுத்தாளப்பட்ட ஒலியில் எவ்வாறு உருப்பெற்றுள்ளது என்று செவிகொடுத்து ஆராய்வதே இனிச் செய்யவேண்டிய பணியாகும். அப்பணிக்கு உறுமியையும் றபானையும் அறிந்த செவிகள் மிகவும் வேண்டப்படுகின்றன.