கல்தச்சனும் கல்லூரிக் கதவும்

தாமஸ் ஹார்டி எழுதிய "ஜூட் தி அப்ஸ்க்யூர்" என்னும் நாவல் 1895இல் வெளிவந்தது. வந்ததும் வைதிகம் சீறிற்று. வேக்பீல்டு நகரத்துப் பிஷப், அந்நூலைத் தீயிலிட்டதாகப் பத்திரிகைக்கே எழுதி அறிவித்தார். திருமணம் என்னும் புனிதத் தளையைத் தீண்டிவிட்டாராம் ஹார்டி! தீயிட்டவர் மறைந்தார், நூல் நிலைத்தது. ஆயினும் அந்தச் சீற்றம் ஒரு தீங்கு செய்துவிட்டது. எதிர்த்தவர்கள் திருமணத்தைப் பற்றியே பேசியதால், ஆதரித்தவர்களும் அதைப் பற்றியே பேசினர். எஞ்சியதை 'விதி' என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டனர். நாவலின் முற்பாதியிலே ஒரு கணக்கு இருக்கிறது. பல்கலைக்கழகம் புக விரும்பும் ஏழை ஒருவனின் உதவித்தொகைக் கணக்கு. அதைக் காணாதவர் ஜூட்டைக் கண்டவராகார் என்பது நமது துணிபு.

யார் இந்த ஜூட்? தாய் தந்தையற்றவன். பாட்டி முறையான கிழவி ஒருத்தியின் ரொட்டிக் கடையில் வளர்ந்தவன். ரொட்டி வண்டி ஓட்டும்போதே இலத்தீன் நூலை விரித்துவைத்துப் படித்தவன். குதிரை பாதை பார்த்து நடக்கும். பையன் பாடம் பார்த்துக்கொண்டிருப்பான். பின்னர்க் கல்தச்சு வேலை கற்கிறான். தொலைவிலே ஒளிரும் கிறிஸ்ட்மின்ஸ்டர் நகரம் அவனை அழைக்கிறது. ஆக்ஸ்போர்டுக்கு ஹார்டி இட்ட புனைபெயர் அது. அங்கு சென்று சேர்கிறான். பகலெல்லாம் பழைய கட்டடங்களின் கற்களைச் செதுக்குகிறான், இரவெல்லாம் கிரேக்கம் படிக்கிறான். கல்லூரியின் சுவருக்கு அவன் கை வேண்டும். கல்லூரியின் வகுப்புக்கு அவன் வேண்டாம்!

ஒருநாள் அவன் எண்ணிப் பார்க்கிறான். உள்ளே நுழைய வழிகள் இரண்டு. ஒன்று, உபகாரச் சம்பளத்துக்கான போட்டித் தேர்வு. மற்றொன்று, கைக்காசைக் கொடுத்து நுழைவது. முதல் வழியை ஆராய்கிறான். பத்தாண்டுகள் தனியே முயன்று படித்தாலும், இளமை முதல் தேர்ந்த ஆசிரியர்களிடம் முறையாகப் பயின்றவர்களை வெல்வது அரிது எனக் காண்கிறான். இரண்டாம் வழிக்குக் கணக்குப் போடுகிறான். எல்லாம் நல்லபடியே நடந்து, கூலியில் மிச்சம் பிடித்தாலும் 15 ஆண்டுகள் ஆகும்!

இங்கே சற்று நிற்போம். ஆக்ஸ்போர்டிலே உபகாரச் சம்பளங்கள் இல்லாமலில்லை. ஏழை மாணவர்க்கென்று முன்னோர் எழுதிவைத்த கொடைகள் பல இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த சீர்திருத்தம் அவற்றுள் பலவற்றைப் பொதுப் போட்டிக்குத் திறந்துவிட்டது. சீர்திருத்தம் என்றால் மகிழ வேண்டும் அல்லவா? இன்ன ஊரான், இன்ன குடும்பத்தான் என்ற வேலிகள் விழுந்தன, உண்மை. ஆனால் வேலி விழுந்த தோட்டத்தில் முதலில் நுழைந்தவர் யார்? பெருங்கட்டணம் கட்டி, பெரிய பள்ளிகளில் இலத்தீனும் கிரேக்கமும் ஊட்டப்பெற்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகள்! ஏழைக்கென்று வைத்த பொருள், 'தகுதி' என்னும் திருநாமத்தால் இருப்பவனிடமே போய்ச் சேர்ந்தது. தகுதி என்ற சொல்லைக் கேட்டதும், அந்தத் தகுதியை விலைக்கு விற்ற கடை எது என்று கேட்கப் பழக வேண்டும். ஜூட் அதைத்தான் கேட்கிறான். வாய்விட்டன்று, தாளில் கணக்கெழுதி.

பிறகு அவன் செய்வது நெஞ்சை உருக்கும். கல்லூரித் தலைவர்கள் ஐவரைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டும்படி கடிதம் எழுதுகிறான். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான் தெரியுமா? முகக்களையைப் பார்த்து! விதி ஒன்று எழுதப்பட்டிருந்தால் விண்ணப்பம் போடலாம்; இல்லாதபோது ஏழை என்ன செய்வான்? முகம் பார்க்கிறான், இரக்கம் தேடுகிறான். நாட்கள் ஓடுகின்றன. ஒரே ஒருவரிடமிருந்து பதில் வருகிறது. கடிதத்திலேயே 'கல்தச்சர்' என்று தொழில் குறிக்கப்பட்டிருக்கிறது. உன் தொழிலிலேயே நிலைத்திரு, அதுவே உனக்கு நல்லது என்பது அறிவுரை. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. மரியாதையாகச் சொன்னால் குலத்தொழில் உபதேசம் இனித்துவிடுமா? நமக்கு இது மிகப் பழகிய பாட்டு. பாடும் மொழிதான் வேறு. ஜூட் குடித்துவிட்டு வருகிறான். பையிலிருந்த சுண்ணக்கட்டியால் அந்தக் கல்லூரிச் சுவரில், எனக்கும் அறிவுண்டு என்னும் பொருள்பட யோபு ஆகமத்தின் வாசகத்தை எழுதிவிட்டுப் போகிறான். ஹார்டியின் எழுத்திலே நாம் மிக விரும்பும் இடம் இது.

இனி, ஹார்டியின்மீது நமக்குள்ள குறை. இவ்வளவு தெளிவாகக் கணக்கை வைத்தவர், பிற்பாதியில் அதைக் கைவிட்டுவிடுகிறார். பரம்பரைச் சாபம் வருகிறது, குழந்தைகளின் கோரச் சாவு வருகிறது, ஊழ் வருகிறது. வறுமைக்குக் காரணம் காட்டிய எழுதுகோல், துயரத்துக்குக் காரணம் தேடி வானத்தைப் பார்க்கிறது. கடவுளை நம்பாத கலைஞருக்கு ஊழ்வினை எதற்கு? ஆயினும் ஒரு நேர்மை அவரிடம் உண்டு. முப்பது வயதும் நிரம்பாமல் சாகப்போகிற ஜூட், தன்னைப் போன்ற மாணவர்க்குப் பல்கலைக்கழகத்தைத் திறக்கத் திட்டங்கள் வருவதாகக் கேள்விப்படுகிறான். தனக்கு அது காலங்கடந்தது என்கிறான். அந்த ஒரு பேச்சில், விதி என்று நூலாசிரியர் சொன்னதெல்லாம் வெறும் நிர்வாகம் என்று அவருடைய பாத்திரமே சொல்லிவிடுகிறது.

திட்டங்கள் வந்தன. 1899இல் தொழிலாளர்க்கென்றே ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரி தோன்றியது. அதற்கு ஜூட்டின் பெயரையே வைத்திருக்கலாம் எனச் சிலர் கூறியதாக ஹார்டி 1912ஆம் ஆண்டு முன்னுரையில் குறிப்பிடுகிறார். 1920இல் அரசு ஆண்டுக்கு 200 உபகாரச் சம்பளங்களை ஏற்படுத்திற்று. அதே ஆண்டில்தான் ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்திராத ஹார்டிக்கும் டாக்டர் பட்டம் சூட்டியது! 1962ஆம் ஆண்டுச் சட்டம்தான் பெரிய பாய்ச்சல். முதல் பட்டப் படிப்பில் இடம் பெற்ற மாணவனுக்கு உதவித்தொகை தருவது உள்ளாட்சி மன்றங்களின் கடமை என்றது. கட்டணம் மட்டுமன்று, உண்ணவும் உறையவும் தொகை. பெற்றோர் வருவாய்க்கேற்ப அது கூடும், குறையும். முகம் பார்த்துக் கடிதம் எழுதும் வேலை ஒழிந்தது.

பிறகோ? 1990இல் கடன் நுழைந்தது. 1998இல் கட்டணம் நுழைந்தது. 2012இல் இங்கிலாந்தில் அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 9,000 பவுன் வரை ஏறிற்று. 2016இல் புது மாணவர்க்கு வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை நிறுத்தப்பட்டு, அதுவும் கடனாயிற்று. 2023 முதல் சேர்ந்தவர்க்கு, வருவாய் ஒரு வரம்பைத் தாண்டியதும் கடன் பிடித்தம் தொடங்கும்; தீராத கடன் 40 ஆண்டுகள் கழித்தே தள்ளுபடியாகும். ஜூட் உள்ளே நுழைய 15 ஆண்டுகள் சேர்க்க வேண்டியிருந்தது. அவன் கொள்ளுப்பேரன் வெளியே வந்து 40 ஆண்டுகள் கட்ட நேரிடலாம். ஒன்றுண்டு: இவன் வகுப்பில் அமர்ந்துவிட்டான். அதைச் சிறிதென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இரண்டும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள்.

நாவலில் இன்னோர் இடம். விழா நாளில், மழையில், தெருக்கூட்டத்தின் நடுவே நின்று ஜூட் பேசுகிறான். தான் ஒரு தலைமுறையில் செய்ய முயன்றதைச் செய்து முடிக்க இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகும் என்கிறான். அதைப் படித்தபோது நமக்குத் தமிழ்நாடு நினைவுக்கு வந்தது. 2010இல் இங்கே 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்ற சொல்லையே அரசு ஆணையில் எழுதி, தொழிற்படிப்புகளுக்குக் கட்டணச் சலுகை தந்தனர். குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாததே அங்கே தகுதி! கலைப் பட்டம் படித்தவர்க்கு அது எட்டவில்லை என்ற மனக்குறை நமக்குண்டு. 2022இல் அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கும், 2024இல் மாணவர்க்கும் மாதம் 1,000 ரூபாய் என வகுத்தபோது அந்த எல்லையும் தாண்டப்பட்டது. ஆயிரம் ரூபாய் விடுதிச் சாப்பாட்டுக்கே போதாது என்று நம்மிடம் படித்துச் சென்ற பிள்ளைகள் சொல்கிறார்கள். சொல்லட்டும், உரக்கச் சொல்லட்டும். உரிமையாகப் பெற்றவன்தான் போதாது என்று சொல்ல முடியும். ஐந்து பேருக்குக் கடிதம் எழுதியவன் என்ன சொல்ல முடிந்தது?

நாவல் முழுவதையும் படிக்கப் பொழுதில்லாத தோழர்கள், இரண்டாம் பகுதியின் ஆறாம் அதிகாரத்தை மட்டுமேனும் படிக்க வேண்டுகிறோம். கணக்கு, கடிதம், பதில், சுண்ணக்கட்டி நான்கும் அங்கேயே இருக்கின்றன.