யாருடைய கோடைக்காலம்?
மெக் வொலிட்ஸரின் 'தி இன்ட்ரஸ்டிங்ஸ்' நாவலை முன்வைத்து

அமெரிக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் பலர் ஜூன் மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு, காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ உள்ள பாசறை ஒன்றில் ஏழெட்டு வாரங்கள் தங்கியிருந்துவிட்டு ஒகஸ்ட் மாதம் வீடு திரும்புவார்கள். நீச்சல், படகோட்டம் என்றிருந்த இப்பாசறைகளிடையே கலைகளுக்கும் கைப்பணிக்கும் என்றே சில தனியாக எழுந்தன. மிச்சிகன் மாநிலத்தின் இன்டர்லொக்கன் 1928இல் பாடசாலை மாணவரின் வாத்தியக் குழுப் பாசறையாகத் தொடங்கியது. கனெக்டிகட் மாநிலத்தில் 1940களின் தொடக்கத்தில் 'பக்ஸ் ரொக்' பாசறையைத் தொடங்கிய ஏர்ன்ஸ்ட் புலோவா, இல்ஸே புலோவா தம்பதியினர் ஒஸ்திரியாவிலிருந்து வந்த அகதிகள். மரியா மொன்டிசோரியின் கல்விக் கொள்கையில் ஊறியவர்கள். அங்கே மட்பாண்டம் வனையும் கூடம், தறிக் கூடம், மரவேலைக் கூடம் என்று பல உண்டு. பிள்ளை தான் விரும்பிய கூடத்துக்குப் போய், விரும்பிய நேரம்வரை இருக்கலாம். புள்ளியுமில்லை, பரீட்சையுமில்லை.

பதினைந்து வயதுப் பெண்பிள்ளையை இத்தனை வாரம் வெளியூரில் தங்கவிடுவதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். இந்த நாவலைப் படித்து முடித்தபோது அந்தக் கேள்வியை முற்றாகத் தள்ளிவிட என்னாலும் முடியவில்லை. ஆனால், அவர்கள் அஞ்சுகின்ற காரணம் வேறு, நாவல் காட்டுகின்ற காரணம் வேறு.

மெக் வொலிட்ஸர் 1959இல் பிறந்த அமெரிக்க நாவலாசிரியை. அவரது தாயார் ஹில்மா வொலிட்ஸரும் நாவலாசிரியையே. மசாசுசெட்ஸ் மாநிலத்து ஸ்ரொக்பிரிட்ஜில் இருந்த 'இந்தியன் ஹில்' என்ற கலைப் பாசறையில் 1974ஆம் ஆண்டுக் கோடையை மெக் கழித்திருக்கிறார். 2013இல் வெளிவந்த 'தி இன்ட்ரஸ்டிங்ஸ்' அதே ஆண்டின் அதே கோடையில்தான் தொடங்குகிறது. பாசறையின் பெயர் மட்டும் 'ஸ்பிரிட் இன் த வூட்ஸ்' என்று மாறியிருக்கிறது. (செவ்விந்தியரை விரட்டிய மண்ணில் அவர்களது பெயரையே பாசறைக்குச் சூட்டி, பிள்ளைகள் தங்கும் குடில்களையும் 'டீப்பீ' என்று அழைப்பது அந்நாட்டின் பழைய வழக்கம். நாவலிலும் அது அப்படியே இருக்கிறது. ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை.)

கதையின் நாயகி ஜூலி ஜேக்கப்ஸன். நியூயோர்க்கின் புறநகர் ஒன்றில் சாதாரண வீடு. அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவள். புலமைப்பரிசில் கிடைத்ததாலேயே இந்தப் பாசறைக்கு வருகிறாள். ஒரு நாளிரவு, எக்காரணமுமின்றி, பாசறையின் 'முக்கியமான' ஐவர் கூடும் குடிலுக்குள் அவளும் அழைக்கப்படுகிறாள். ஆஷ் வுல்ஃப் என்ற அழகி, அவளது அண்ணன் குட்மன், அசைவுச் சித்திரத்தில் அசாத்தியத் திறமை கொண்ட ஈதன் ஃபிக்மன், புகழ்பெற்ற நாட்டார் பாடகி ஒருத்தியின் மகன் ஜோனா, நடனக்காரி கெதி கிப்லிங்கர். தங்களுக்கு 'சுவாரஸ்யமானவர்கள்' என்று அரைக் கேலியாகப் பெயர் சூட்டிக்கொள்கின்ற கூட்டம் இது. ஆஷ் அவளை 'ஜூல்ஸ்' என்று அழைக்கிறாள். அன்றிலிருந்து அவள் ஜூலி இல்லை. கோடை முடிந்து வீடு திரும்பும்போது தாயும் அக்காவும் வாழும் அந்த வீடு அவளுக்குச் சகிக்க முடியாததாகி விடுகிறது.

இந்த முதற்பகுதி மிகச் சிறந்தது. மேடையில் முதன்முறையாகச் சபையைச் சிரிக்க வைத்துவிட்ட ஒரு பெண்ணின் தலைக்குள் என்ன நடக்கும் என்பதை வொலிட்ஸர் அறிந்து எழுதுகிறார். கூச்சமும் செருக்கும் ஒன்றாகக் கலந்த அந்த வயதை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த நாவல்கள் எனக்கு அதிகம் ஞாபகத்தில் இல்லை. பாசறையில் எல்லோரும் ஒரே தட்டில் உண்கிறார்கள், ஒரே மழையில் நனைகிறார்கள், ஒருவர் செய்த சட்டியை மற்றவர் மெச்சுகிறார்கள். யார் பணம் கட்டி வந்தார், யார் புலமைப்பரிசிலில் வந்தார் என்பது அங்கே தெரிவதில்லை. அது தெரியவருவது செப்டெம்பரில். ஆஷின் குடும்பம் மன்ஹற்றனில் சென்ட்ரல் பார்க்கை ஒட்டிய மாளிகைத் தொடரில் வாழ்கிறது. ஜூல்ஸ் புகையிரதம் பிடித்து அங்கே விருந்தாளியாகப் போய்வருகிறாள்.

பிறகு நாவல் முப்பதாண்டுகளுக்கு மேலாக நீள்கிறது. ஈதனின் சிறுவயதுக் கிறுக்கல்கள் 'ஃபிக்லாண்ட்' என்ற தொலைக்காட்சித் தொடராகி அவனைப் பெருஞ்செல்வனாக்குகின்றன. ஆஷ் அவனை மணந்து, பெண்ணிய நாடக நெறியாளராகப் பெயர் பெறுகிறாள். ஜூல்ஸ் நடிகையாகும் ஆசையோடு சில காலம் அலைந்து, நடிப்பு கற்பித்த ஆசிரியை ஒருவராலேயே அந்த ஆசை அறுக்கப்பட்டு, உளவள ஆலோசகராகிறாள். மின்தூக்கி இல்லாத மாடி வீடொன்றில் நல்லவனான கணவன் டெனிஸுடன் இருந்துகொண்டு, தோழியின் ஆண்டிறுதிக் கடிதம் வரும்போது அதைக் கேலி செய்து வாசிக்கிறாள். கேலிக்குள் கிடக்கும் பொறாமை டெனிஸுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒரே கூடத்தில் கற்ற அறுவரில் ஒருவருக்கு மட்டும் மேதைமை இருந்தது. இன்னொருத்திக்கு அதைத் தாங்கும் பணம் இருந்தது. ஜூல்ஸுக்குக் கிடைத்தது ரசனை. அந்த ரசனையே அவளுடைய வாழ்நாள் நோயாகிறது. விமர்சகர்கள் பெரும்பாலும் இந்தப் பொறாமையைத்தான் நாவலின் மையம் என்று எழுதினார்கள். அது பிழையுமல்ல.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கெதி கிப்லிங்கரின் கதைதான்.

கெதி நல்ல நடனக்காரி. ஆயினும் அவளது உடல் நடன அரங்கு கேட்கும் உடலாக வளரவில்லை. தொழில்முறை நடனம் அவளுக்கில்லை என்று மிக இளமையிலேயே சொல்லிவிட்டார்கள். பாசறை முடிந்தபின், 1970களின் நடுவில், நியூயோர்க்கில் ஒரு புத்தாண்டு இரவில் குட்மன் தன்னைப் பலாத்காரம் செய்தான் என்று அவள் முறைப்பாடு செய்கிறாள். நண்பர் வட்டம் அவளை அந்தக் கணமே கைவிடுகிறது. குட்மன் அப்படிச் செய்யக்கூடியவனல்லன், கெதி எப்போதுமே மிகைப்படுத்துபவள், உணர்ச்சிவசப்படுபவள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஜூல்ஸைத் தனியே சந்தித்துக் கெதி நடந்ததைச் சொல்கிறாள். ஜூல்ஸ் கேட்கிறாள், கேட்டதைத் தன்னுள் எங்கோ ஒதுக்கி வைத்துவிட்டு வுல்ஃப் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்புகிறாள். பாசறையிலிருந்து அவளுக்குக் கிடைத்த ஒரேயொரு உடைமை அந்த மேசையில் ஓர் இடம். ஒரு சாட்சியத்துக்காக அதை இழக்க அவளால் முடியவில்லை.

குட்மன் வழக்குக்கு முன்பே தப்பி ஓடுகிறான். சில காலத்தின் பின் வுல்ஃப் குடும்பம் ஜூல்ஸையும் கூட்டிக்கொண்டு ஐஸ்லாந்துக்குப் போகிறது. அங்கே குட்மன் இருக்கிறான். பெற்றோர் இரகசியமாகப் பணம் அனுப்பி வாழவைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை வெளியே சொல்லக்கூடாது என்று ஜூல்ஸிடம் வாக்கு வாங்கப்படுகிறது. ஈதனிடம்கூடச் சொல்லக்கூடாது. அவள் அந்த வாக்கைப் பல்லாண்டுகள் காப்பாற்றுகிறாள். ஆஷும் தன் கணவனிடம் மறைத்தே வாழ்கிறாள்.

சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று கற்று வளர்ந்தவர்கள் நாம். அமானிதத்தைக் காக்க வேண்டும் என்பதையும் அதே ஓதற்பள்ளியில்தான் கற்றோம். இவ்விரண்டும் மோதும் இடத்தில் ஜூல்ஸ் நிற்கிறாள் என்று முதலில் எண்ணினேன். இரண்டாம் முறை படித்தபோது அப்படித் தோன்றவில்லை. அநீதி இழைத்தவனை ஒளித்து வைப்பதற்கு வாங்கிய வாக்கு எப்படி அமானிதமாகும்? அதை விசுவாசம் என்று ஜூல்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். நட்பைக் காப்பதாக நினைத்துக்கொண்டு அவள் ஒரு வர்க்கத்தைக் காக்கிறாள். அதுவும் தான் பிறந்திராத வர்க்கத்தை. பெண்ணிய நாடகங்களால் கைதட்டல் பெறும் ஆஷ், தன் அண்ணனால் அழிந்த பெண்ணைப் பற்றி வாய் திறப்பதில்லை. இதை வொலிட்ஸர் எவ்வித விளக்கவுரையுமின்றி, ஏறத்தாழ போகிற போக்கில், அருகருகே வைத்துவிட்டு நகர்கிறார். நாவலின் ஆகக் கூர்மையான இடம் இது என்பேன். இலக்கிய வட்டங்களில் புழங்கிய எவருக்கும், 'நம்ம ஆள்' மீது முறைப்பாடு எழும்போது அறையில் இறங்கும் அந்த மௌனம் பழக்கமானதே.

இனி என் மறுப்பு. நண்பர்கள் கெதியைப் பார்க்க மறுக்கிறார்கள் என்பதைக் காட்ட நாவலும் அவளைத் திரைக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறது. 2001 செப்டெம்பர் 11இல் ஊழியர்களை இழந்த நிதி நிறுவனமொன்றின் அதிகாரியாக அவள் தொலைக்காட்சியில் தோன்றுகிறாள். ஈதன் மட்டும் அவளோடு தொடர்பு வைத்திருந்தான் என்றும் பின்னர் அறிகிறோம். இவ்வளவுதான். அறுவரில் இருவரின் மனத்துக்குள், ஜோனாவின் உடைந்த சிறுபராயத்துக்குள்கூட நாவல் பொறுமையாகப் புகுகிறது. (தாயின் நண்பனான பாடகன் ஒருவன் அவனுக்குப் போதையூட்டி, அவன் முணுமுணுத்த மெட்டுக்களைத் திருடிய பகுதி தனிச் சிறுகதைக்கு ஈடானது.) கெதியின் மனத்துக்குள் மட்டும் புகவில்லை. இது உத்தி என்று வாதிடலாம். ஐந்நூறு பக்கங்களை நெருங்கும் ஒரு நாவலில் ஓர் அத்தியாயமாவது அவளுக்குக் கொடுத்திருந்தால் உத்தி கெட்டுவிடுமா? வட்டத்தின் குற்றத்தை ஆசிரியை அறிந்திருக்கிறார். ஆயினும் வட்டத்தின் மீதான மயக்கம் அவரையும் விடவில்லை.

அதே மயக்கம் ஜகார்த்தாவிலும் தெரிகிறது. ஃபிக்லாண்ட் பாத்திரங்களின் பொம்மைகளும் சட்டைகளும் இந்தோனேசியத் தொழிற்சாலைகளில் உருவாகின்றன. ஈதன் அங்கே போகிறான். சிறுவர்கள் வேலை செய்வதைக் கண்ணால் காண்கிறான். மனம் குமைந்து, பின்னர் அங்கே பாடசாலை ஒன்றை நிறுவுகிறான். அக்கட்டத்தைப் படித்தபோது முதல் அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போனேன். மசாசுசெட்ஸ் காட்டில் பிள்ளைகள் களிமண்ணைப் பிசைகிறார்கள், தறியில் அமர்கிறார்கள்; கை வேலை செய்தால் மனம் மலரும் என்று பெற்றோர் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். ஜகார்த்தாவில் பிள்ளைகளின் கைகள் அதே காட்டில் பிறந்த கற்பனையைப் பொம்மையாக்குகின்றன. அவர்களில் எவரையும் யாரும் சுவாரஸ்யமானவர் என்று அழைக்கப்போவதில்லை. எவ்வளவு பெரிய விடயம் தானாகக் காலடியில் வந்து விழுந்திருக்கிறது! நாவலோ அதை ஈதனின் மனச்சாட்சிக் கதையாக்கி, அவனது தாராள குணத்துக்கு இன்னொரு சான்றாக்கிவிட்டு நியூயோர்க்குக்குத் திரும்பிவிடுகிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடப் பேசும் வாய் இல்லை. கெதி விடயத்தில் ஆசிரியைக்குச் சந்தேகத்தின் பயனைக் கொடுக்கலாம். இங்கே கொடுக்க எனக்கு மனமில்லை.

மொழிநடை சரளமானது; காலத்தை முன்னும் பின்னுமாக எறிந்து எழுதும் முறை தொடக்கத்தில் தடுமாற்றம் தந்தாலும் விரைவில் பிடிபட்டுவிடும். நடுப்பகுதியில் நண்பர்களின் இராவிருந்துகள் சற்று அதிகம்.

இறுதிப் பகுதியில், ஐம்பதைக் கடந்த ஜூல்ஸும் டெனிஸும் இருந்த தொழிலை விட்டுவிட்டு அதே பாசறையை நடத்தும் பொறுப்பை ஏற்கிறார்கள். முதிய நிறுவனர்களான வுண்டர்லிக் தம்பதியினரால் இனி முடியவில்லை. ஜூல்ஸ் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று. வேலையாட்களின் சம்பளம், சமையலறைக் கணக்கு, பெற்றோரின் தொலைபேசி அழைப்புகள் என்று நாட்கள் கழிகின்றன. இரவில் ஏதோ ஒரு குடிலிலிருந்து சிரிப்புக் கேட்கும். அவளை யாரும் உள்ளே அழைக்கமாட்டார்கள். அவள் விரும்பியது பாசறையை அல்ல, பதினைந்து வயதைத்தான் என்பதை அவளைவிட முன்னதாக டெனிஸ் கண்டுகொள்கிறான். அந்தக் கோடையிலேயே, தலைமறைவாகியிருந்த குட்மன் ஒரு நாள் காட்டுக்குள் வந்து நிற்கிறான். தளர்ந்துபோன, எதுவும் ஆகாத ஒரு மனிதன். ஆனாலும் அவன் வந்து தன் பழைய குடில்களைப் பார்க்கிறான். ஈதனுக்கு உண்மை தெரியவருவதும் அதனாலேயே. நெடுங்காலத் திருமணம் அதோடு ஆட்டம் காண்கிறது. கெதி கிப்லிங்கர் நடனமாடிய கூடமும் அங்கேதான் எங்கோ இருக்கவேண்டும். ஜூல்ஸ் அதைக் கடந்து தினமும் நடந்திருப்பாள். நாவல் அந்தக் கதவைத் திறந்து காட்டுமா என்று கடைசிப் பக்கம்வரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.