ரோடு இல்லாத பயணக் கட்டுரைகள்

கல்லூரியில் படித்த காலத்தில் கேமரன் மலைக்குப் போய்வந்து ஒரு பயணக் கட்டுரை எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அந்தத் தைரியத்தில் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் பத்தொன்பது வருடம் கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூர் சிலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசித் தாளை மடித்து வைத்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இதுல ரோடே இல்லையே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மலைப்பாம்பாய் நெளியும் சாலை, மேகத்துக்குள் நுழையும் சாலை, மரங்கள் குடைபிடிக்கும் சாலை என்று மூன்று பத்தி எழுதியிருந்தேன். அவருக்கு இலக்கியம் தெரியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்போது நம் ஊர்களில் எழுதப்படும் கார்ப் பயணக் கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் அப்பா சொன்னதுதான் முன்னால் வந்து நிற்கிறது. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனமும், இதுவரை கிடைத்ததில் சரியான விமர்சனமும் அதுதான்.

இந்தக் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. அதிகாலையில் புறப்படுவார்கள். வழியில் பசியாறுவார்கள். அடுத்த பத்தியில் மலை வந்துவிடும். பனி வரவேற்கும், இயற்கை அன்னை கை நீட்டுவாள், தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாய் விரிந்து கிடக்கும். முடிவில் நகர வாழ்க்கையின் வெறுமை பற்றி இரண்டு வரி. தேய்ந்த உவமைகளை எடுத்துவிட்டுப் புதிய உவமைகளைப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கலாம். சிக்கல் உவமையில் மட்டும் இல்லை. எழுதுபவன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. அவன் காரின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறான். கண்ணாடி வழியாகத் தெரிவதெல்லாம் படமாகிவிடுகிறது. படத்துக்குள் இருப்பவர்கள் திரும்பி நம்மைப் பார்ப்பதில்லை.

அந்தப் பச்சைக் கம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் வழியில் எல்லாரும் காரை ஓரங்கட்டிப் படம் எடுக்கும் சரிவுகள் இருக்கின்றன. தேயிலைச் செடியை வெட்டாமல் விட்டால் அது மரமாக வளரும். இடுப்பளவு உயரத்தில் கத்தரித்து, திரும்பத் திரும்பக் கொழுந்து எடுப்பதால்தான் மேற்பரப்பு அப்படிச் சமமாக, வரிவரியாக இருக்கிறது. நாம் ரசிக்கும் அந்த ஒழுங்கு கைகளின் தடம். கம்பளம் என்று எழுதும் கணத்தில் அந்தக் கைகள் காணாமல் போகின்றன. இந்த மலையில் பெரிய அளவில் தேயிலை போடத் தொடங்கியது 1929இல். அன்று வந்த கைகளில் நம் ஆட்களுடையவை நிறைய. இன்று அந்தச் சரிவுகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் கட்டுரைகளில் அவர்கள் வண்ணச் சட்டை போட்ட புள்ளிகளாகக்கூட வருவதில்லை.

அதே வழியில் ஓர் ஏரி இருக்கிறது. ரிங்லெட் ஏரி. 1963இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையால் உண்டான செயற்கை ஏரி. மேலே காட்டை அழித்துத் தோட்டம் போடப் போட, மண் சரிந்து ஆறுகள் வழியாக இதற்குள்தான் வந்து சேருகிறது. 2013 அக்டோபரில் ஒரு நள்ளிரவு மழையின்போது அணையின் நீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளோடு ஆட்களும் அடித்துச் செல்லப்பட்டார்கள். மழைக்குப் பிறகு அந்த ஏரி தே தாரிக் நிறத்தில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் கட்டுரையில் அதை 'மரகத ஏரி' என்று எழுதியிருந்தேன். நான் போன அன்றைக்கும் அது தே தாரிக் நிறம்தான்.

கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையிலும் இதே கதை. கிரிக்கிலிருந்து ஜெலி போகும் அந்தச் சாலையின் வேலை 1970இல் தொடங்கி, கம்யூனிஸ்டு கெரில்லாக்களின் தாக்குதல்களுக்கு நடுவே நடந்து, 1982இல் திறக்கப்பட்டது. தெமெங்கோர் ஏரிப் பாலத்தில் நின்று எடுக்கும் படங்களில், நீருக்கு மேலே மொட்டை மரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பனி சேர்ந்தால் பிரமாதமான காட்சி. அவை அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். அந்தக் காட்டில் வாழ்ந்த அஸ்லி மக்கள் மறுகுடியேற்றக் கிராமங்களுக்கு நகர்த்தப்பட்டார்கள். சயாம் மரண ரயிலுக்குத் தண்டவாளம் போட்டுச் செத்தவர்களைப் பற்றி ஆர். சண்முகம் நாவல் எழுதிய சூழல் நம்முடையது. பாதை என்பது யாரோ ஒருவருடைய உடம்பு என்று நமக்குத் தெரியும். காரில் ஏறியதும் மறந்துவிடுகிறோம்.

இதற்கு நெடுஞ்சாலைக்கும் பங்கு உண்டு. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும் முன், கோலாலம்பூரிலிருந்து தாப்பா போக வேண்டுமென்றால் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்கை, பீடோர் என்று ஒவ்வொரு கடைவீதிக்குள்ளும் நுழைந்துதான் போக வேண்டும். எங்கோ ஓரிடத்தில் நிற்க வேண்டியிருக்கும், யாரிடமாவது பேச வேண்டியிருக்கும். இப்போது டோலுக்கும் டோலுக்கும் நடுவில் ஒன்றும் நடப்பதில்லை. நம் கட்டுரைகளும் அப்படியே ஆகிவிட்டன. வீட்டில் ஒரு பத்தி, மலையுச்சியில் ஒரு பத்தி, நடுவில் நெடுஞ்சாலை.

காரிலிருந்து பார்த்தால் இப்படித்தான் எழுத முடியுமா? இல்லை. அப்பாஸ் கியரோஸ்தமியின் 'அண்ட் லைஃப் கோஸ் ஆன்' (1992) படம் முக்கால்வாசி ஒரு காருக்குள்ளேயே நடக்கிறது. 1990இல் வட ஈரானில் பெரும் நிலநடுக்கம். தன் முந்தைய படத்தில் நடித்த சிறுவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடி ஓர் இயக்குநர் மகனோடு கார் ஓட்டிப் போகிறார். வழியெல்லாம் அழகான மலைகள். ஆனால் கார் நிற்கிறது, வழி கேட்கிறது, ஆட்களை ஏற்றிக்கொள்கிறது. கடைசிக் காட்சி எனக்குப் பாடம் போல. செங்குத்தான மலைச்சாலை, மிகத் தொலைவிலிருந்து தெரிகிறது. சிலிண்டரைத் தோளில் சுமந்து நடக்கும் ஒருவரைத் தாண்டிக் கார் போய்விடுகிறது. மேட்டில் ஏற முடியாமல் திணறிப் பின்னால் சரிகிறது. அந்த ஆள்தான் வந்து தள்ளிவிடுகிறார். இரண்டாம் முறை கார் மேடேறி நின்று, அவரை ஏற்றிக்கொண்டு போகிறது. அதைவிட அழகான மலைச்சாலையை நான் திரையில் பார்த்ததில்லை. அந்தச் சாலைக்கு எடை இருக்கிறது.

இதையெல்லாம் புரிந்துகொண்டவன் போல என் கட்டுரையை மறுபடி எழுதினேன். வருடங்கள், அணை, அஸ்லி மக்கள், தேயிலை முதலாளிகள் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிப்போனார். இது இன்னொரு வகைக் கார்க்கண்ணாடி. இயற்கை அன்னை இருந்த இடத்தில் குற்றவுணர்வை உட்காரவைத்தால் அதுவும் காட்சிதான். இந்த மாதிரிக் கட்டுரைகளும் இப்போது பெருகி வருகின்றன. தகவல் பிழையில்லாமல் இருக்கும், எழுதியவன் அங்கே போனதற்கு மட்டும் அத்தாட்சி இருக்காது.

ஒருநாள் அப்பாவிடமே கேட்டேன், ரோடுன்னா என்ன எழுதணும் என்று. யோசித்துவிட்டுச் சொன்னார். முட்டைக்கோஸ் ஏற்றி இறங்கும்போது லோரி எப்படிப் பின்னாலிருந்து தள்ளும் என்பது. பிரேக் தீயும் வாடை வந்ததும் எந்த வளைவில் ஓரங்கட்டுவார் என்பது. அங்கே பெத்தாயும் தேனும் விற்கும் செமாய்க்காரம்மா, கேட்காமலே டயருக்குக் கல் கொண்டுவந்து வைப்பது. அவள் பெயர் கடைசிவரை இவருக்குத் தெரியாது, இவர் பெயர் அவளுக்கும். "காலையில அஞ்சரைக்கு, வெறும் லோரியோட திரும்பி ஏறுறப்ப, லாத்தா இஸ்கண்டார் தாண்டி ஒரு எடம் இருக்கு. கண்ணாடிய எறக்குனா தண்ணிச் சத்தம் மட்டும் கேக்கும். அத ரொம்பப் பிடிக்கும்" என்றார். அழகு அவருக்கும் தெரிந்திருக்கிறது. என் கட்டுரையில் அது எந்த வளைவில், எத்தனை மணிக்கு என்பது இல்லை.

எனவே இளம் எழுத்தாளர்களின் பயணக் கட்டுரையை வாசிக்க எடுத்தால் இப்போது நான் பார்ப்பது இரண்டைத்தான். வண்டி எங்கே நின்றது? நின்ற இடத்தில் யார் இவரைத் திரும்பிப் பார்த்தது? இரண்டுக்கும் பதில் இருந்தால் பழைய உவமைகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்பா இப்போது ஓட்டுவதில்லை. கண் அறுவைசிகிச்சைக்குப் பிறகு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். போன மாதம் அவரைக் கூட்டிக்கொண்டு தாப்பா வழியாக இறங்கினேன். பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, பனியைப் பற்றி மனசுக்குள் ஒரு வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். "ரெண்டாவது கியரப் போடு. வளைவு வருது" என்றார்.