டெங்குவா, சிக்குன்குனியாவா: டொனால்ட் கேரியின் 1971 கட்டுரையை முன்வைத்து

டெங்குவின் வரலாறு பெரும்பாலான பாடப்புத்தகங்களில் 1779-80இல் தொடங்குகிறது. பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா), கெய்ரோ, பிலடெல்பியா என்று மூன்று கண்டங்களில் மூன்று ஊர்கள். ஒருத்தர் எழுதினதை அடுத்தவர் எடுத்துப் போட்டு, அப்படியே நிலைத்துவிட்ட வரி இது.

இந்த வரியைத் தட்டிக் கேட்டவர் டொனால்ட் கேரி. மருத்துவ வரலாற்று இதழ் ஒன்றில் 1971இல் வெளிவந்த அவர் கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்விதான்: சிக்குன்குனியாவும் டெங்குவும், ஆள் மாறாட்டம் நடந்திருக்கிறதா? கேரி நூலகத்தில் மட்டும் உட்கார்ந்து எழுதியவர் இல்லை. 1964இல் வேலூரில் பரவிய சிக்குன்குனியாவை நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த குழுவில் இருந்தவர். இரண்டு காய்ச்சலையும் நேரில் பார்த்த கண்ணோடு பழைய குறிப்புகளைப் படித்தார். கட்டுரையின் பலம் அங்கேதான்.

அவருடைய வாதம் எளிமையானது. பட்டாவியாவில் டேவிட் பைலன் என்ற மருத்துவர் 1779இல் தனக்கே வந்த நோயை எழுதி வைத்தார். நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது வலது கையில் ஆரம்பித்த வலி, மூட்டு மூட்டாக ஏறி உடம்பெல்லாம் பரவியது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயரே 'விரல்முட்டிக் காய்ச்சல்'. 1823 சான்சிபார், 1824 கல்கத்தா, 1827-28 மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் குறிப்புகளிலும் மூட்டுதான் முன்னால் நிற்கிறது. 'டெங்கு' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததே அந்த 1827-28 பரவலில்தான். அப்படியானால் டெங்கு என்று முதலில் அழைக்கப்பட்ட நோய் இன்றைய சிக்குன்குனியா. 1952-53இல் டாங்கனிக்காவில் சிக்குன்குனியா புது நோயாக அறியப்பட்டபோது, அதன் பழைய பெயர் ஏற்கெனவே இன்னொரு வைரஸுக்குப் போய்விட்டிருந்தது. 2013 கடைசியில் கரீபியனில் சிக்குன்குனியா பரவியபோது ஸ்காட் ஹால்ஸ்டெட் இதே வாதத்தைத் திரும்ப எடுத்து, இது வருகை இல்லை, மறுவருகை என்று எழுதினார்.

படிக்கும்போது தலை ஆட்டத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு இடத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, மூட்டுவலி ஒரே ஒரு வைரஸின் கையெழுத்து இல்லை. 1959இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட ஓ-நியோங்-நியோங் காய்ச்சலும் மூட்டைத்தான் பிடிக்கும். அதைப் பரப்புவது ஏடிஸ் இல்லை, அனாபிலிஸ் கொசு. இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு குறிப்பில் மூட்டுவலி இருக்கிறது என்றால் 'சிக்குன்குனியா மாதிரி' என்று சொல்லலாம். அதற்கு மேல் போக வைரஸ் வேண்டும், அது நம்மிடம் இல்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம். கேரியின் கேள்வி 'இதுவா, அதுவா' என்று கேட்கிறது. அவருடைய வேலூர் வேலையோ 'இரண்டும்' என்று சொல்கிறது. 1964 பரவலைப் பற்றிய அவர் குழுவின் கட்டுரை, அதே சமயத்தில் டெங்குவும் ஊரில் இருந்ததைப் பதிவு செய்கிறது. 1967இல் 'சயன்ஸ்' இதழில் மையர்ஸும் கேரியும் எழுதியது இன்னும் ஒரு படி மேலே: ஒரே நோயாளியிடமிருந்து சிக்குன்குனியா, டெங்கு இரண்டாம் வகை, இரண்டு வைரஸும் கிடைத்திருந்தன. ஒரே கொசு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே தெரு. அப்படியிருக்க 1824 கல்கத்தாவில் மட்டும் ஒரு வைரஸ்தான் இருந்தது என்று ஏன் நினைக்க வேண்டும்? பழைய மருத்துவர்கள் பெரும்பான்மை நோயாளிகளைப் பார்த்து ஒரு படம் வரைந்தார்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் சிறுபான்மையாக டெங்கு ஒளிந்திருக்கலாம். தன் கையில் இருந்த மிகச் சிறந்த சான்றை வரலாறு எழுதும்போது கேரி போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பதே என் குறை.

இது வெறும் வரலாற்றுச் சண்டை இல்லை. இன்றைக்கும் கிளினிக் வாசலில் இதே 'இதுவா, அதுவா'தான் நடக்கிறது. 2006இல் இந்தியாவில் 13 லட்சத்துக்கு மேல் சிக்குன்குனியா நோயாளிகள் கணக்கில் வந்தார்கள். பெரும்பாலும் அறிகுறியை வைத்து எண்ணியவை. மூட்டு வலிக்குதா, அப்போ சிக்குன்குனியா, ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கோங்க என்று அனுப்பினால், உள்ளே டெங்குவும் இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும் நேரம். 'ஜுரம் விட்டுடுச்சு' என்று வீட்டில் நிம்மதியாகிற அன்றைக்குத்தான் கவனம் தேவை. அதனால்தான் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் போதும் என்கிறார்கள்.

பரிசோதனையும் அப்படித்தான். முதல் சில நாட்களில் என்எஸ்1 அல்லது பிசிஆர், ஐந்தாறு நாள் கழித்து ஐஜிஎம் என்று நாள் பார்த்துச் செய்ய வேண்டும். சிக்குன்குனியா பாசிட்டிவ் என்று வந்தால் சிக்குன்குனியா இருக்கிறது என்றுதான் பொருள். டெங்கு இல்லை என்று பொருள் இல்லை. 2015-16இல் பிரேசிலில் ஜிகாவும் சேர்ந்துகொண்டபோது சிக்கல் கூடியது. ஜிகாவும் டெங்குவும் ஒரே குடும்பம், ஒன்றின் எதிர்ப்புரதம் மற்றதன் பரிசோதனையில் தலை காட்டும்.

கேரியின் கட்டுரையை அவசியம் படிக்கலாம். பாடப்புத்தகத்தின் முதல் வரியைச் சந்தேகிக்கக் கற்றுக் கொடுக்கிறது. ஆனால் கூடவே அவருடைய 1967 கட்டுரையையும் வைத்துப் படியுங்கள். அது ரொம்பச் சின்னது, பெரியதை விட அதிகம் சொல்கிறது.