தன் மைக்கோடு வரும் பாடகர்

பாடகர் ஒருவர் ஒலிக்கருவி வாங்கப் புறப்பட்டால், சென்னை ரிச்சி தெருவிலும் சரி, கொழும்பிலும் சரி, பேச்சு ஸ்பீக்கரில்தான் தொடங்குகிறது. எத்தனை வாட், எத்தனை அங்குலம்? இந்த வரிசை தலைகீழ் என்பது என் கருத்து. சபையோருக்குக் கேட்கச் செய்வது மண்டபத்தாரின் வேலை, அல்லது வாடகைக்கு செட் கொண்டுவருபவரின் வேலை. பாடகர் தன் காசை முதலில் போடவேண்டியது, தன் குரல் பழகிய ஒரு மைக்கிலும், ஒத்திகையில் அந்தக் குரலைத் தன் காதுக்கே திருப்பித் தரும் சிறிய ஸ்பீக்கரிலும்தான். தமிழ்நாட்டின் மேடையும் இலங்கையின் மேடையும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டும் வெவ்வேறு காரணங்களால் இந்த இடத்துக்கே வந்துசேர்கின்றன.

1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி போன்ற சென்னை சபாக்களின் வழக்கத்தில், பாடகர் தம்புராவோ சுருதிப் பெட்டியோ கொண்டுவந்தால் போதும். மைக், மிக்சர், அதை இயக்கும் ஆள் எல்லாம் சபாவின் ஏற்பாடு. வசதிதான். ஆனால் மார்கழியில் ஒரே வாரத்தில் மூன்று நான்கு மேடை ஏறுபவருக்கு, மேடைக்கொரு மைக், மேடைக்கொரு ஆள். வர்ணம் முடிவதற்குள் பாடகரின் கை மேலும் கீழும் அசைவதைப் பார்க்காத ரசிகர் இருக்கமாட்டார். அது அபிநயம் அல்ல, தன் குரலைத் தனக்குக் கேட்கச் செய்யும் மேடை ஸ்பீக்கரான மானிட்டரை ஏற்றச் சொல்லும் சைகை. தன் குரல் தனக்குக் கேட்காதபோது எவரும் கத்திப் பாடவே செய்வார்; சற்று நேரத்தில் தொண்டை இறுகும், சுருதி நழுவும். மற்றதெல்லாம் மாறினாலும் மைக் மாறாதிருந்தால், எவ்வளவு நெருங்கினால் குரல் எப்படிக் கனக்கும், எவ்வளவு விலகினால் எப்படி மெலியும் என்பதாவது கைவசம் இருக்கும்.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கோயில் வீதியில், திறந்த வெளியில் பாட நேர்வது சாதாரணம். அங்கே வாடகை செட்டோடு எந்த மைக் வரும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். மின்சாரத்தையும் எப்போதும் நம்பியிருக்க முடிந்ததில்லை. யாழ்ப்பாணம் 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்த ஊர். 2022 நெருக்கடியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஆகவே அங்கே ஒத்திகைக்கு வாங்கும் ஸ்பீக்கர் பேட்டரியிலும் ஓடுவதாக இருப்பது நல்லது. 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் அதன்பின் ஏறிய விலையும் இன்னொரு பாடத்தைத் தந்தன: கெட்டால் உதிரிப்பாகம் கிடைக்காத கருவியை வாங்கக்கூடாது. 1966இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் விலைபோவதற்கு அதன் இனிமை மட்டும் காரணமல்ல. கீழே விழுந்தாலும் பாடும்; நசுங்கிய வலைத்தலையைக் கழற்றி வேறு மாட்டலாம். போலிகள் மலிந்திருப்பதால் விலை குறைவென்று மட்டும் பார்த்து வாங்கிவிடக்கூடாது.

கன்டென்சர் மைக்தானே கமகத்தின் நுணுக்கத்தைப் பிடிக்கும் என்று கேட்பார்கள். அமைதியான அரங்கில் அது உண்மை. ஆனால் அதற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் வரவேண்டும். பழைய வாடகை மிக்சர் எல்லாவற்றிலும் அது இருக்காது. தள்ளி வைத்துப் பாடினால் கன்டென்சர் பக்கத்து மிருதங்கத்தையும் எதிரிலிருக்கும் ஸ்பீக்கரையும் சேர்த்துப் பிடிக்கும், பிறகு ஊளை. டைனமிக் மைக்குக்கு மின்சாரம் வேண்டாம். அதை வாயருகே வைத்துப் பாடலாம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது, ஊளை கூடுவதில்லை. பெரிய ஆம்பிளிஃபயர் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றும். சட்டமும் வாட்டின் பக்கம் இல்லை. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் இலங்கை உச்ச நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை போட்டவை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சாதகத்தில் மைக் புகுந்தால் குரல் சோம்பிவிடும் என்பது. நாடக நடிகர் கிட்டப்பா மைக் இல்லாமலே நாடகக் கொட்டகையை நிரப்பினார். சென்னை நாகேஸ்வரராவ் பூங்காவில் மைக் இல்லாக் கச்சேரிகள் நடந்திருக்கின்றன. குரலை வளர்க்கும் சாதகம் மைக் இல்லாமலே நடக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கச்சேரிக்கு முந்திய ஒத்திகை வேறு காரியம். மைக்கைக் கையில் பொத்திப் பிடித்தால் அதன் திசையறிவு கெட்டு ஊளை வரும். மானிட்டரை மைக்கின் முதுகுக்கு நேரே வைத்தால் மைக் அதைப் பிடிக்காது. பிடிக்கும் திசை இன்னும் குறுகிய சூப்பர் கார்டியாய்டு வகை மைக்காயின் சற்றுப் பக்கவாட்டில் வைக்கவேண்டும். இவற்றையெல்லாம் மேடையில் உட்கார்ந்து கற்க முடியாது.

தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ-கட் பொத்தானையே எடுத்துக்கொள்வோம். தொடையில் தட்டும் தாளம் மேடைப்பலகை வழியே ஸ்டாண்டில் ஏறி முழங்குவதால், ஆப்பரேட்டர் பழக்கத்தில் 100 ஹெர்ட்ஸில் வெட்டிவிடுவார். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு அதனால் நட்டமில்லை. அவருடைய மந்தர பஞ்சமம் 147க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு கட்டையில் பாடும் ஆணின் மந்தர பஞ்சமமோ 98 ஹெர்ட்ஸ். தோடியில் கீழிறங்கும்போது அது மெலிந்துபோகும். பழி தொண்டைமேல் விழும். ஒத்திகையில் இதைக் கண்டுகொண்டவர், மேடையில் உட்காருமுன் வெட்டை எடுக்கச் சொல்லிவிட்டு, ஸ்டாண்டின் அடியில் நாலாக மடித்த துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்வார்.